யூடியூப்லயே எல்லாம் இருக்கு, டயட்டீஷியனுக்கு எதுக்கு 600 ரூபாய்?

9 ஜூன் 2025 – வாசகர் கேள்வி (பெங்களூரிலிருந்து)

அம்மாவுக்கு 61 வயசு, எட்டு வருஷமா சுகர். டாக்டர் ஒரு டயட்டீஷியனைப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கார், ஒரு தடவைக்கு 600 ரூபாய். என்ன சாப்பிடணும், எதை விடணும்னு யூடியூப்ல தமிழ்லயே ஆயிரம் வீடியோ இருக்கு. அம்மாவும் பார்த்துட்டுத்தான் இருக்காங்க. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இந்த 600 ரூபாய் தண்டம்னு நினைக்கிறேன். யாராவது போய்ப் பார்த்து உண்மையிலேயே பலன் கண்டீங்களா?

9 ஜூன் 2025, இரவு 10.40

போன வருஷம் வரைக்கும் நானும் உங்க கட்சிதான் தம்பி. எனக்குப் பட்டுக்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை. அம்மாவுக்கு 66 வயசு, சுகர் பதினாலு வருஷமா, பிரஷர் ஆறு வருஷமா.

2022ல் ஒரு தனியார் கிளினிக்கில் நானும் இதே 600 ரூபாய் கொடுத்தேன். கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் தாள். காலை ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், இரவு இரண்டு சப்பாத்தி, ஆடை நீக்கிய பால். மேலே பெயர் எழுதும் இடத்தில் மட்டும் பேனாவால் அம்மா பெயர். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. அம்மா அந்தத் தாளை நாலாக மடித்து மிக்ஸி ஆடாமல் இருக்க அடியில் வைத்துவிட்டார். மூணு வருஷமாக அங்கேதான் இருக்கிறது, நல்ல உபயோகம்.

அந்தக் கோபத்தில்தான் நானே அம்மாவுக்கு யூடியூப் போட்டுக் கொடுத்தேன். மைக்கை அழுத்திப் பேசினால் தானாகத் தேடும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். வினை அங்கே ஆரம்பித்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போ கடை பூட்டணும்.

11 ஜூன் 2025

அம்மா கதைக்கு முன்னால் கடைக் கதை.

வயசானவர்கள் போன் கொண்டுவந்தால் பாதிப் பேருக்கு ஒரே வியாதி, ஸ்டோரேஜ் ஃபுல். திறந்தால் ரோஜாப்பூ குட்மார்னிங், முருகர், அதற்கப்புறம் எல்லாம் சாப்பாடு. வெந்தயத் தண்ணீர், கருஞ்சீரகம், வெண்டைக்காய் ஊறின தண்ணீர், ‘இதை மட்டும் மூன்று நாள் குடியுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்’. முக்கால்வாசிக்கு மேலே அந்த இரட்டை அம்புக்குறி இருக்கும். பல கை மாறி வந்த சரக்கு என்று வாட்ஸப்பே போடும் முத்திரை அது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி அர்த்தம் சொன்னேன். ஒரு அக்கா, “அவ்வளவு பேர் அனுப்பியிருக்காங்கன்னா பொய்யா இருக்குமா?” என்றார். அன்றோடு முத்திரையை விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

2018ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில் இந்த இரட்டை அம்பு சரக்கை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கினார்கள். எங்கள் தெருவில் அது ஒரு தடையே இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக அனுப்புகிறார்கள். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

அம்மாவின் யூடியூப் பார்த்த வரலாற்றை ஒரு நாள் திறந்தேன். ஒரே சாயங்காலத்தில் ‘இட்லி ஒரு விஷம்’, அதற்கு ரெண்டு வீடியோ தள்ளி ‘உலகின் சிறந்த காலை உணவு இட்லி’. ரெண்டையும் கடைசி வரை பார்த்திருக்கிறார். “எதை நம்பினே?” என்றேன். “ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசினாங்க.”

14 ஜூன் 2025

சரி, வினை.

2024 கோடை. எங்கள் கொல்லையில் ஏழு தென்னை. கஜா புயலுக்கு முன்னால் முப்பத்திரண்டு இருந்தது, 2018 நவம்பரில் ஒரே ராத்திரியில் போனது. மிஞ்சின ஏழில் ரெண்டு இளநீர் மரம். அம்மா தினமும் ரெண்டு இளநீர் குடித்தார். வீடியோவில் சொன்னபடி காலையில் முருங்கைக்கீரை சூப். ‘காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான்’ என்று இன்னொன்று, அதனால் அந்தத் தண்ணீரும் ரசத்தில் போனது. பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு ஒரு பாக்கெட், அதை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நான்.

இதில் எதுவுமே கெட்ட பொருள் இல்லை, கவனியுங்கள். யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை.

மே மாதம் கால் பலவீனம், படியேற முடியவில்லை. வெயில் என்று நினைத்தோம். ரத்தம் எடுத்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.8, பொட்டாசியம் 5.9. பொட்டாசியம் அஞ்சைத் தாண்டினாலே டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏறினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். உடனே ஈசிஜி எடுத்தார்கள், நல்ல வேளை அதில் ஒன்றுமில்லை. மூணு நாள் படுக்கை.

நடந்தது இதுதான். சுகரால் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகியிருக்கிறது, அது எங்களுக்குத் தெரியாது. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியே தள்ளாது. பிரஷருக்குச் சாப்பிடும் டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை உள்ளே நிறுத்தும். இளநீர், கீரை, காய்த்தண்ணீர் மூன்றும் பொட்டாசியம். அந்தச் சோடியம் குறைந்த உப்பு என்பதே சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே இந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தது. கூடவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது. பாக்கெட்டின் பின்புறமும் பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருந்தது. தினம் செல்போனில் மணல் அளவு ஸ்க்ரூ கழற்றுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

14 ஜூன் 2025, மறுபடியும்

அதற்குள் ரெண்டு பேர் ‘அப்போ இளநீர் கெடுதலா?’ என்று கேட்டுவிட்டீர்கள். இல்லை சாமி. இப்படித்தான் அடுத்த ஃபார்வர்டு பிறக்கிறது. ‘பட்டுக்கோட்டையில் இளநீர் குடித்த பெண்மணிக்கு…’ என்று நாளைக்கு என் அம்மாவே எனக்கு அனுப்பப் போகிறார்.

சிறுநீரகம் சரியாக உள்ளவர் தாராளமாகக் குடிக்கலாம். நானும் குடிக்கிறேன், இப்போ ரெண்டு மரமும் எனக்குத்தான்.

17 ஜூன் 2025

டிஸ்சார்ஜ் ஆனபோது அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். இன்னொரு ஜெராக்ஸ் என்று நினைத்துத்தான் போனேன். சின்ன ரூம். மேஜை மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், ரெண்டு கிண்ணம், ஒரு கரண்டி. இருபத்தைந்து, இருபத்தாறு வயசுப் பெண். அம்மா பார்த்ததும் “பாப்பா” என்று கூப்பிட்டுவிட்டார், இன்று வரை பாப்பாதான்.

அந்தப் பெண் எதையும் சொல்லவில்லை, கேட்டது.

“நேத்து காலைல எழுந்ததுல இருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்கம்மா.”

நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, மத்தியானம் சோறு, வத்தக்குழம்பு, ராத்திரி தோசை ரெண்டு. அம்மா பரீட்சை எழுதுவது மாதிரி ஒப்பித்தார்.

“நாலு மணிக்கு?”

அம்மா என்னைப் பார்த்தார். “டீ மட்டும்தான்.”

“டீயோட?”

“ரெண்டு முறுக்கு. அதெல்லாம் சாப்பாடாம்மா?”

“பேரன் தட்டுல மிச்சம் வைக்கிறதை யாரும்மா சாப்பிடுவா?”

அம்மா சிரித்துவிட்டார். என் பையன் தினம் பாதி தோசையும் ஒரு பிடி சோறும் வைப்பான். கொட்ட மனசு வராமல் அம்மாதான் வாயில் போட்டுக்கொள்வார். பதினாலு வருஷத்தில் ஒரு டாக்டர் கேட்டதில்லை, ஒரு வீடியோ கேட்டதில்லை, கூடவே இருக்கிற எனக்கே தோணியதில்லை.

அடுத்தது சோறு. “எத்தனை கரண்டி?” “ஒரே கரண்டிதான் பாப்பா.” மேஜைக் கரண்டியைக் காட்டி “இவ்வளவா?” என்றதும் அம்மா கையை விரித்து “நம்ம வீட்டுக் கரண்டி கொஞ்சம் பெருசு” என்றார். “அடுத்த தடவை அதைக் கொண்டு வாங்க.”

கொண்டு போனோம். மஞ்சப்பையில் கரண்டியோடு அம்மா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது இப்பவும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அவங்க கரண்டி ரெண்டுக்கு எங்க வீட்டுக் கரண்டி ஒன்று சமம். ‘ஒரு கரண்டி சோறு’ என்று இத்தனை வருஷம் டாக்டர்களிடம் சொன்னதெல்லாம் ரெண்டு கரண்டி.

பொட்டாசியத்துக்குச் சொன்னது: காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடணும். வீடியோ சொன்னதற்கு அச்சு அசல் தலைகீழ். வீடியோ ஊருக்குச் சொன்னது, பாப்பா அம்மாவுக்குச் சொன்னது. ஊருக்கு அதுவும் சரிதான்.

18 ஜூன் 2025

திருச்சி வாசகர் கணக்குக் கேட்டார், அதனால் எண்ணெய்க் கணக்கு.

பாப்பா கேட்டது: “வீட்ல எத்தனை பேர்? மாசம் எத்தனை லிட்டர்?” நாலு பேர், அஞ்சு லிட்டர் டின் ஒன்று. ‘எண்ணெயைக் குறைங்க’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று யாரும் சொல்வதில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி வெளியிட்டது. மொத்தம் 17 அறிவுரை, பிடிஎஃப் இலவசம், ஒரு மழை நாளில் கடையில் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு நாள் தட்டு என்று ஒரு படம் உண்டு. 2,000 கலோரிக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறி கீரை சேர்த்து 400, பழம் 100, பால் 300 மில்லி, எண்ணெய் கொழுப்பு 27 கிராம்.

27ஐ 30 நாளால், நாலு பேரால் பெருக்கினால் 3,240 கிராம். லிட்டரில் மூணரை. நாங்கள் அஞ்சு. ஒன்றரை லிட்டர் அதிகம். இப்போ மனைவி மாசம் ஒண்ணாம் தேதி மூணரை லிட்டரைத் தனி டின்னில் ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறாள். இருபத்தஞ்சாம் தேதி தீர்ந்தால் கடைசி அஞ்சு நாள் ஆவியில் வேகவைக்கிறதுதான், இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை.

உப்பும் இப்படியே. ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் என்றால் நாலு பேருக்கு மாசம் 600 கிராம். எங்கள் வீட்டில் கிலோ பாக்கெட் மூணு வாரம். ஊறுகாய், அப்பளம், கருவாடு அதற்கு மேல்.

19 ஜூன் 2025

திருத்தம். நேற்று எழுதினதை மனைவியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். “நல்லெண்ணெய் ஒரு லிட்டர், தேங்காயெண்ணெய் அரை லிட்டர் தனியா வாங்குறோமே, அதைக் கணக்குல சேர்க்கலியா?” என்றாள். ஆக அஞ்சு இல்லை, ஆறரை. தேங்காயெண்ணெயில் பாதி தலைக்குப் போகிறது என்று ஒரு வாதம் வைத்தேன். எடுபடவில்லை.

22 ஜூன் 2025

கேழ்வரகு பற்றி மூணு பேர் கேட்டிருக்கிறீர்கள். ‘சிறுதானியம் சுகரை ஏற்றாது’ என்ற நம்பிக்கையில் அம்மா காலையில் கேழ்வரகுக் கஞ்சி ஒரு சொம்பு குடித்துக்கொண்டிருந்தார். வீட்டு மெஷினில் ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 238. மறுநாள் மூணு இட்லி, காய் போட்ட சாம்பார், 191.

நைஸாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சின கஞ்சி எந்தத் தானியமானாலும் வேகமாக ரத்தத்தில் ஏறும். கேழ்வரகில் கால்சியம் அபாரம், 100 கிராமில் கிட்டத்தட்ட 360 மில்லிகிராம், அது வேறு விஷயம். அதையே களியாகவோ அடையாகவோ செய்து கீரையும் பருப்பும் கூடச் சேர்த்தால் ஏறுவது நிதானப்படும்.

இரவு சேர்த்தது: மேலே இருக்கிற ரெண்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் இட்லிக்கு ஓட்டுப் போடாதீர்கள். ஒரே ஒரு நாள் பார்த்தது. முதல் நாள் ராத்திரி கல்யாண வீட்டுச் சாப்பாடு வேறு. வீடியோக்காரர்களைத் திட்டிவிட்டு நானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

2 ஜூலை 2025

முருங்கைக்கீரையில் 28 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். அது காய்ந்த பொடிக்கு, அதுவும் 100 கிராமுக்கு. பொடியை யார் 100 கிராம் சாப்பிடுவது? ஒரு ஸ்பூன் அஞ்சு கிராம் என்றால் ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. பச்சைக் கீரைக்கு, நம் நாட்டு உணவுகளையே சோதித்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட 528 உணவுகளின் அட்டவணையில், 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் சொச்சம். பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29.

கீரை மட்டம் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் 15இலிருந்து 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. என் தங்கையும் அதில் ஒருத்தி. மாத்திரையை விட்டுவிட்டு முருங்கைப் பொடியை நம்பி ஆறு மாசம் ஓட்டினாள், ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது, எலுமிச்சை பிழிந்தால் சேரும் என்பதுகூட மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்தில் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்த மாதிரி எண் பிசகு உலகப் புகழ் பெற்றது. பசலைக்கீரையில் இரும்பு அதிகம் என்று வந்ததே, ஒரு ஜெர்மன்காரர் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால் பத்து மடங்கு ஆகிவிட்டதாம்.

3 ஜூலை 2025

மானம் போச்சு. நேற்று கடைசியில் எழுதின தசமப்புள்ளிக் கதையே பொய். பெங்களூர்த் தம்பிதான் தனியாகச் செய்தி போட்டுச் சொன்னார், போய்த் தேடினேன். 1981ல் ஒரு மருத்துவ இதழில் ஹாம்ப்ளின் என்பவர் போகிற போக்கில் எழுதினது அது. 2010ல் மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போய், அப்படி ஒரு புள்ளி மாறினதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதிவிட்டார். முப்பது வருஷம் படித்தவர்களே அதை ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள், பொய்யைத் தோலுரிக்கும் உதாரணம் என்று சொல்லிச் சொல்லி. அந்த வரிசையில் கடைசி ஆள் நான். இரட்டை அம்பை என் பேருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

26 ஜூலை 2025

விஷயத்தை விட்டு விலகுகிறேன், மன்னிக்க வேண்டாம்.

அந்த ஹைதராபாத் நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கின பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து 1958ல் ஹைதராபாத் போனது. பெரிபெரி என்பது தயமின் (விட்டமின் பி1) பற்றாக்குறை. தீட்டின பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களைப் பிடித்த நோய். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் புழுங்கல் சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். எங்கள் ஆத்தா “பச்சரிசி சோறு வவுத்துக்கு ஆகாது” என்று சொல்லிப் பண்டிகைக்கு மட்டும் பொங்கினார். காரணம் கேட்டால் திட்டு விழும்.

‘பாட்டி சொன்னதெல்லாம் அறிவியல்’ என்று இதை யாரும் வெட்டி ஒட்டிவிடாதீர்கள். அதே ஆத்தாதான் பிள்ளை பெற்ற என் அத்தைக்குப் பத்து நாள் தண்ணீர் கொடுக்கவிடாமல் வைத்திருந்தார்.

21 ஆகஸ்ட் 2025

பையன் ஒரு ஏஐ செயலியில் ‘66 வயது, சர்க்கரை நோய், உணவு அட்டவணை’ என்று கேட்டுக் காட்டினான். முதலில் கினோவா, அவகாடோ. பட்டுக்கோட்டை என்று சொன்னதும் இட்லி, சாம்பார், கீரைக்கூட்டு, நடுவில் ஒரு இளநீர். அந்த இளநீரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கிரியாட்டினின் 1.8, டெல்மிசார்ட்டன் என்று தட்டினேன். உடனே மன்னிப்புக் கேட்டு இளநீரை எடுத்து, காய்த்தண்ணீரைக் கொட்டச் சொல்லி, கிட்டத்தட்ட பாப்பா சொன்னதையே சொன்னது. மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொன்னது.

மெச்சத்தான் வேண்டும். ஆனால் 2024 மே மாதத்துக்கு முன்னால் கிரியாட்டினின் என்ற வார்த்தையே எனக்குத் தெரியாதே, எதைத் தட்டியிருப்பேன்? பேரன் தட்டு மிச்சத்தை அதுவும் கேட்கவில்லை.

17 அக்டோபர் 2025

செய்தி பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அளவுப்படி இல்லாத பானம் எதுவும் பெயரில் ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று போடக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டுவிட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் தனியாளாகக் கத்தினதற்குப் பலன்.

எனக்கு இது சொந்தக் கடுப்பு. தங்கை மகனுக்கு வயிற்றுப்போக்கு, மருந்துக்கடையில் ஓஆர்எஸ் என்று கேட்டு வாங்கினது ஒரு அட்டைப்பெட்டி ஜூஸ். குடிக்கக் குடிக்கப் போக்கு கூடியது. அசல் பொடியில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. நாங்கள் வாங்கின பெட்டியில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் உள்ளே இழுத்துக் கொட்டும். பெட்டி முகப்பில் பெரிய எழுத்தில் அந்த மூணு எழுத்து இருந்தால் யார்தான் பின்னால் திருப்பிப் பார்ப்பார்கள்?

20 அக்டோபர் 2025

ஆனால் திருப்பிப் பார்க்கப் பழகலாம். கடைக்கு வருகிறவர்களுக்கு இப்போ நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்று, போன் கேமராவை லேபிள் மேல் வைத்துப் பெரிதாக்குவது. எழுத்து எறும்பு அளவில் இருந்தாலும் படம் எடுத்து விரித்துப் படிக்கலாம். இங்கிலீஷ் தெரியாவிட்டால் அந்தப் படத்தையே மொழிபெயர்க்கச் சொல்லலாம்.

போன வாரம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கேழ்வரகு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார். முகப்பில் கதிர் படம். “சுகருக்குன்னே வாங்கினது சார்.” அவர் போனிலேயே பின்பக்கத்தைப் படிக்க வைத்தேன். எடை அதிகமான பொருள் முதலில் வரணும் என்பது சட்டம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில், நாலாவதாகக் கேழ்வரகு மாவு 7 சதவீதம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு எனக்கும் ஒன்று கொடுத்தார், நல்லாத்தான் இருந்தது.

சோடியம் மட்டும் போட்டிருந்தால் ரெண்டரையால் பெருக்குங்கள், உப்பு வந்துவிடும்.

9 நவம்பர் 2025

நல்ல ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். பட்டப்படிப்பைக் கேளுங்கள். வார இறுதி சர்டிபிகேட் வைத்துக்கொண்டு ‘நியூட்ரிஷன் கோச்’ போர்டு மாட்டினவர்கள் எங்கள் ஊரிலேயே ரெண்டு பேர், ஒருவர் பவுடர் டப்பாவும் விற்கிறார். இந்திய உணவியல் சங்கம் பரீட்சை வைத்துப் பதிவு பெற்ற டயட்டீஷியன் என்ற தகுதி தருகிறது. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்திலும் இந்தத் தொழில் இருக்கிறது.

அதைவிட என் சோதனை சுலபம். முதல் பத்து நிமிஷம் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் உட்காருங்கள். அவர் பிரிண்டரை ஆன் செய்துவிட்டால் எழுந்து வந்துவிடலாம். 2022ல் நான் எழுந்திருக்க வேண்டும். முதலில் அந்த 600 ரூபாயைத் தண்டம் என்று எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஒருவரை வைத்து தொழிலையே தண்டம் என்று ரெண்டு வருஷம் பேசிக்கொண்டிருந்தேனே, அது என் தப்பு. அவங்களுக்கும் அன்றைக்கு வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நின்றிருந்தார்கள்.

10 நவம்பர் 2025

பெங்களூர்த் தம்பி அம்மாவை அழைத்துப் போய் வந்துவிட்டாராம். அங்கே இப்போ 800.

16 ஜனவரி 2026

பொங்கல் நிலவரம் கேட்டவர்களுக்கு. அம்மாவுக்குப் பொட்டாசியம் 4.8, மூணு மாசச் சராசரி சுகர் 9.1லிருந்து 7.6. கிரியாட்டினின் 1.7ல் நிற்கிறது, அது இறங்காது, ஏறாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டர். வீடியோ இன்னும் பார்க்கிறார். ஆனால் எதிர்வீட்டு அக்கா வெண்பூசணிச் சாறு சொல்லிக்கொடுக்க வந்தபோது, “உனக்குக் கிரியாட்டினின் எவ்வளவுடி?” என்று கேட்டதை நானே கேட்டேன்.

அம்மாவுக்கென்று சந்தையில் பாப்பா கரண்டி அளவிலேயே ஒரு சின்னக் கரண்டி வாங்கியிருக்கிறோம், அதில்தான் சோறு. நேற்று சர்க்கரைப் பொங்கலுக்குப் பழைய குழிக்கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். “என்னம்மா இது?” என்றேன்.

“பாப்பா சொன்னது சோத்துக்குத்தான்.”

அடுத்த வியாழக்கிழமை போகிறோம். கரண்டியை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.